சாம்பாருக்குக் காய்ச்சலா, தம்பி?

"டோல்கேட்ல ஒட்டுறதா? நம்மகிட்ட ஏதுடா காரு?"

ஃபோஸ்டாக் எடுக்கணும் என்று நான் சொன்னதும் சித்தப்பா கேட்ட கேள்வி இது. 2021 மார்ச் மாதம். அதற்கு முந்தைய மாதம்தான் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக் கட்டாயம் ஆகியிருந்தது. பேப்பரைத் திறந்தால் அதுதான், டீக்கடையில் நின்றால் அதுதான். நான் சொன்னது வேறு. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி, அதற்கொரு சான்றிதழ். ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைக் கோத்து இந்தப் பெயரை வைத்தவர்கள், திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்தும் ஒருவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் மெஸ் பெரிய தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது. பதினாறு பேர் உட்காரலாம். சுற்றிலும் மேன்ஷன்கள், அதாவது வெளியூர்ப் பையன்கள் வாடகைக்குத் தங்கும் விடுதிகள். காலையில் இட்லி, பொங்கல், பூரி. மதியம் நூற்றிருபது சாப்பாடு. ராத்திரி தோசை, சப்பாத்தி. சித்தப்பாவையும் என்னையும் விட்டுவிட்டால் வேலை செய்பவர்கள் ஒன்பது பேர். நான் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். 2020 ஊரடங்கில் வேலை போனது. 'சும்மாதானே இருக்கே, கல்லாவுல வந்து உக்காரு' என்றார் சித்தப்பா. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

சான்றிதழ் விஷயம் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது வந்தது. அப்போதைய கணக்குப்படி ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் போதும். அதற்கு மேலே போனால் மாநில உரிமம். நாங்கள் மேலே இருந்தோம். உரிமம் உள்ள இடத்தில் 25 வேலையாட்களுக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். எங்கள் ஒன்பது பேருக்கு ஒருவர் போதும். சித்தப்பா என்னைப் பார்த்தார். பட்டதாரி, கம்ப்யூட்டர் தெரியும், வெட்டியாக இருப்பவன். வேறு யார்?

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் வந்தது 2006இல். அதன் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தது 2011இல். அந்த விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு. தரை எப்படி, வடிகால் எப்படி, சமைப்பவரின் நகம் எப்படி என்பதெல்லாம் அதில்தான். சட்டம் இருந்தும் படிப்பவர் இல்லை என்பதால், 2017இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறிய கடைகளுக்கு நான்கு மணி நேர அடிப்படை வகுப்பு, எங்களைப் போன்றவர்களுக்கு எட்டு மணி நேர வகுப்பு. சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். கொரோனாவுக்கு முன்னால் ஏதாவது ஹாலில் உட்கார வைத்து நடத்துவார்கள். 2020இலிருந்து ஆன்லைனிலும் வந்துவிட்டது.

நான் வகுப்பு கேட்டது அரிசி மூட்டை அடுக்கிய பின்னறையில், ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, இன்னொரு மூட்டையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு. பக்கத்து அறையில் கிரைண்டர். "மெஸ் சார், மியூட் பண்ணுங்க" என்று பயிற்சியாளர் நான்கைந்து முறை சொல்லியிருப்பார். முப்பது பேர் போல இருந்தோம். ஆவடியிலிருந்து ஒரு பேக்கரிக்காரர், வேளச்சேரியில் வீட்டு மாடியிலேயே பிரியாணி செய்து ஆப்பில் விற்கும் கணவன் மனைவி, கேமராவைக் கடைசி வரை விட்டத்தையே பார்க்க வைத்திருந்த ஒரு பெரியவர். பயிற்சியாளர் நல்லவர். ஸ்லைடு இங்கிலீஷில் இருக்க, பேச்சு தமிழில் ஓடியது. காலையில் ஆரம்பித்தபோது எனக்கிருந்த எண்ணம் ஒன்றுதான்: எப்போது முடியும்?

பதினோரு மணிவாக்கில் அந்த எண்ணம் போய்விட்டது. காரணம், சாதம்.

கிருமிகள் வளர்வதற்கு ஏற்ற வெப்பநிலை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. இது எந்த வகுப்பிலும் முதலில் சொல்லும் பாடம். சூடான பண்டம் 60க்கு மேலே இருக்கணும், குளிர்ந்தது 5க்குக் கீழே இருக்கணும், நடுவில் நிற்கக் கூடாது. சரி, தெரிந்ததுதான் என்று இருந்தேன். அப்புறம் அவர் சாதத்துக்கு வந்தார். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கும். (பெயரிலேயே சீரியஸ் என்று பேக்கரிக்காரர் சாட்டில் எழுதினார்.) அரிசி வெந்தால் பாக்டீரியா சாகும், ஆனால் அதன் வித்துகள் சாகாது. வடித்த சாதத்தை அப்படியே அண்டாவில் மூடி வைத்தால், மெல்ல ஆறும்போது வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் வாந்தி எடுக்க வைக்கும் வகை ஒன்று, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

திரும்பச் சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் எங்கள் மெஸ்ஸின் மதமே. மதியம் மிஞ்சிய சாதம் அண்டாவிலேயே மூடிக் கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கு எண்ணெய், கடுகு, எலுமிச்சம்பழம். 'மேன்ஷன் பசங்க விரும்பிச் சாப்பிடுவாங்க' என்பார் சித்தப்பா. அதுவும் சென்னையில். புத்தகத்தில் அறை வெப்பநிலை என்று எழுதுகிறார்களே, அந்த அறை எங்கே இருக்கிறதோ தெரியவில்லை. மே மாதம் எங்கள் சமையலறையில் சுவரே சுடும். நம் உடம்புக்குள் நோய் உண்டாக்கும் கிருமிகளில் பலவற்றுக்குப் பிடித்த சூடு 37 டிகிரி பக்கம். லேபில் அதற்கென்று பெட்டி வைத்து வளர்ப்பார்களாம். எங்களுக்குப் பெட்டியே வேண்டாம்.

மறுநாளே குச்சி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். சாம்பார் அண்டாவுக்குள் விட்டதை, சாம்பார், ரசம் எல்லாம் வைக்கும் சரக்கு மாஸ்டர் கரண்டியோடு நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, சாம்பாருக்குக் காய்ச்சலா?"

சமையலறையே சிரித்தது. மாஸ்டருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதின்மூன்றில் கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் தேங்காய் துருவச் சேர்ந்தவர். ஆவியைப் பார்த்தே சாம்பார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வார். அவரிடம் போய் எட்டு மணி நேரம் மூட்டைமேல் உட்கார்ந்த நான் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? சாதத்தை அகலத் தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கணும், 60லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கணும் என்றேன். அவர் மறுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"அப்போ இட்லி மாவு? ராத்திரி பூரா வெளியிலதானே கெடக்கு. அதுல கிருமி வராதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பயிற்சியாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். மாவிலும் கிருமி வருகிறது, வந்தால்தான் இட்லி என்றார். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாக இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்க வைக்கின்றன. அமிலம் ஏற ஏற மற்ற கிருமிகளுக்கு அங்கே இடமில்லை. வெறும் சாதத்துக்கு அந்தக் காவல் கிடையாது. இதை மாஸ்டரிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அதான் கட்டுச்சோறுன்னா புளியோதரை. வெறுஞ்சோறு கட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. அன்றைக்கே தாம்பாளம் நான்கு வாங்கச் சொன்னவரும் அவர்தான். 'செய்யுங்கள்' என்று சொன்னபோது நகராத மனிதர், 'ஏன்' என்பது தனக்குத் தெரிந்த இடத்தில் போய் முட்டியதும் நகர்ந்துவிட்டார்.

துண்டு விஷயத்தில் மட்டும் ஒரு வருடம் ஆனது. நம் ஊர்ச் சமையலறையில் மிக ஆபத்தான பொருள் எது என்று கேட்டால் கத்தி, அடுப்பு என்பார்கள். நான் மாஸ்டரின் தோளில் கிடக்கும் துண்டு என்பேன். நெற்றி வேர்வை அதில், கை அதில், கரண்டிக் காம்பு அதில், பரிமாறப் போகும் தட்டின் ஓரத்தில் வழிந்த சட்னியும் அதில். ருசி பார்ப்பது வேறு: கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு அந்தக் கையைத் துடைப்பதும் அதே துண்டில்தான். எங்கள் பாட்டி இருந்திருந்தால் எச்சில், பத்து (சோறு தொட்ட கையால் வேறெதையும் தொடக் கூடாது என்ற ஆசாரம்) என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பாள். அந்த ஆசாரத்தில் பாதி சாதியைக் காப்பாற்ற வந்தது, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் எச்சில் கையைக் கழுவாமல் பாத்திரத்தைத் தொடாதே என்ற மிச்சப் பாதியை, சாதியின் மேல் வந்த கோபத்தில் நாமே தொலைத்துவிட்டோமோ என்று தோன்றும். கடைசியில் ருசி பார்க்க ஒரு டம்ளர் நிறைய ஸ்பூன்கள் வைத்தேன். துண்டுக்குப் பதில் துணிகளை நறுக்கி, வெள்ளை தட்டுக்கு, நீலம் மேசைக்கு என்று பிரித்தோம். வேர்வைக்குத் துண்டு அப்படியே இருக்கட்டும் என்று சமரசம்.

கையுறை பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இதை வகுப்பில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். கையுறை போட்ட சப்ளையர் அதே கையோடு இலை எடுப்பதையும் சில்லறை வாங்குவதையும் சென்னையில் எத்தனை கடைகளில் பார்த்திருக்கிறேன்! வெறுங்கை என்றால் பிசுபிசுப்பு உறுத்தும், கழுவத் தோன்றும். உறைக்கு உறுத்தாது.

கழுவுவதற்கும் தண்ணீர் வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு இருபது விநாடி என்று ஸ்லைடில் வந்தபோது எனக்கு 2019 ஜூன்தான் ஞாபகம் வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோன கோடை. அப்போது நான் கம்பெனியில் இருந்தேன். மெஸ்ஸில் லாரித் தண்ணீருக்காகச் சித்தப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்ததாகச் சித்தி சொல்வாள். நகரத்தில் பல ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டையே குறைத்த நேரம். அன்றைக்கு யாராவது வந்து இருபது விநாடி என்று சொல்லியிருந்தால் சித்தப்பா அடித்திருப்பார்.

எண்ணெயைப் பற்றி ஒரு வரி. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன கூறுகளின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. பூரி பொரித்த எண்ணெயைச் சாயங்காலம் தள்ளுவண்டி பஜ்ஜிக்காரருக்குக் கொடுப்பது எங்கள் தெருவின் பழைய வழக்கம். அதை நிறுத்தியதில் எனக்கும் பஜ்ஜிக்காரருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

வகுப்பு முடிவில் தேர்வு. நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. உணவைக் கையாளும் ஊழியருக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் மேற்பார்வையாளர் என்ன செய்ய வேண்டும்? கையுறை கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், வேறு ஷிப்டில் போடலாம், குணமாகும்வரை உணவு தொடும் வேலையிலிருந்து விலக்கி வைக்கலாம். நான்காவதை மூன்று விநாடியில் தொட்டேன். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது, போட்டோவோடு. கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணிக் கல்லாவுக்கு மேலே பார்த்தசாரதிப் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். நல்ல நேரம் பார்த்துத்தான் மாட்டினார் சித்தப்பா.

அந்தக் கேள்வி நிஜமாக வந்தது 2022 ஆடி மாதத்தில்.

மேன்ஷனில் இருக்கும் மூன்று பேர், மாதக் கணக்கில் சாப்பிடுபவர்கள், ஒரே நாளில் வயிறு கெட்டுப் படுத்தார்கள். அவர்களில் ஒருவர் நேராகக் கல்லாவுக்கு வந்து, சான்றிதழைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். சாதம் எத்தனை மணிக்கு வடித்தது, சாம்பார் என்ன சூடு, ஃபிரிட்ஜ் என்ன சூடு, எல்லாம் எழுதியிருக்கிறது. எல்லாம் சரி. பாத்திரம் கழுவும் அக்காதான் சாயங்காலம் குழாயடியில் குனிந்தபடியே சொன்னார்: "அந்த ஒடிசாப் பையன் நேத்துலேருந்து பத்து வாட்டி போயிட்டு வர்றான். நீங்க சட்டியை மோந்து பாத்துட்டு இருக்கீங்க."

ஒடிசாப் பையன்தான் காலையில் சட்னி அரைப்பவன். இருபது வயது இருக்கும். கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் இல்லை என்றான். கண் உள்ளே போயிருந்தது. அப்புறம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "லீவு போட்டா சம்பளம் கட்டு அண்ணா."

ஒரு நாளைக்கு 650 ரூபாய். எட்டுப் பேர் சேர்ந்து தங்கியிருக்கும் அறைக்கு வாடகைப் பங்கு, ஊருக்கு அனுப்புவது போக அவன் கையில் நிற்பது என்ன என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் அதுவரை செலவழித்ததில்லை. கை கழுவும் படம் ஒட்டியிருந்தேன். உடம்பு சரியில்லை என்றால் சொல்லணும் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருந்தேன். வருடாவருடம் எடுக்க வேண்டிய மருத்துவத் தகுதிச் சான்றும் ஒன்பது பேருக்கும் பைலில் இருந்தது. அதை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு கிளினிக்கில் நான் மட்டும் போய், ஒன்பது ஆதார் நகலைக் கொடுத்து, ஒன்பது கையெழுத்து வாங்கி வந்தேன். யாரையும் யாரும் பார்க்கவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது.

அந்த மூன்று பேருக்கு வந்தது இவனால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மேன்ஷன் தண்ணீராக இருக்கலாம், வெளியே வேறெங்கோ சாப்பிட்டதாக இருக்கலாம். ஆனால் சட்னியை நினைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கியது. சாம்பார் கொதிக்கிறது. ரசம் நுரை கூடி இறங்குகிறது. தேங்காய்ச் சட்னியோ அடுப்பையே பார்ப்பதில்லை. மேலே கொட்டும் தாளிப்பு மட்டும்தான் சூடு. துருவிய கை, உரித்த கை, வழித்த கை, எல்லாம் அப்படியே இட்லிக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறது.

அந்த வாரம் ராத்திரிகளில் தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மேரி மாலன் கதையை முழுசாகப் படித்தேன். டைபாய்டு மேரி என்று ஏளனமாகச் சொல்வார்களே, அவர்தான். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து நியூயார்க்கில் பணக்கார வீடுகளில் சமைத்தவர். அவர் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது, ஆனால் அவருக்குக் காய்ச்சல் கிடையாது. 1906 கோடையில் ஒரு வீட்டில் பதினோரு பேரில் ஆறு பேருக்கு டைபாய்டு வந்தது. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் துருவித் துருவி அடுத்த ஆண்டு மேரியைக் கண்டுபிடித்தார். சூடாகச் சமைத்த பண்டங்களில் அல்ல, பச்சைப் பீச் பழத்தை வெட்டிப் போட்டு அவர் செய்த ஐஸ்கிரீமில்தான் கிருமி போயிருக்கும் என்பது சோப்பரின் கணிப்பு. எங்கள் தேங்காய்ச் சட்னிக்கு அது அக்காள் முறை. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டபோதும் எனக்கு அந்த ஐஸ்கிரீம்தான் ஞாபகம் வந்தது. அடுப்பு ஏறாத பண்டம்.

மேரியைத் தீவு ஒன்றில் அடைத்தார்கள். 1910இல், இனி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அதில் கூலி குறைவு. கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்கே போனார். 1915இல் ஒரு பிரசவ மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்து இரண்டு பேர் இறந்தார்கள். திரும்பப் பிடித்து அடைத்தார்கள், 1938இல் சாகும்வரை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பிடிவாதத்தைத்தான் எழுதுகிறார்கள். நான் கணக்கு எழுதியவன், என் கண் கூலியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் சித்தப்பாவிடம் பேசினேன். வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் சீழ்க்கட்டி, வெட்டுக்காயம், இந்த நான்குக்கும் மூன்று நாள் முழுச் சம்பளத்தோடு லீவு. டாக்டர் சீட்டு கேட்கக் கூடாது.

"சும்மா உக்கார்றவனுக்குச் சம்பளமா? அப்புறம் தினம் ஒருத்தனுக்கு வயிறு வலிக்கும்டா."

"வலிக்கட்டும் சித்தப்பா. மூணு மாசம் பாப்போம்."

"டாக்டர் சீட்டாவது கேளு."

"சீட்டு எப்படி வாங்குறதுன்னு எனக்குத் தெரியும்."

அதற்கு அவர் சிரித்துவிட்டார், இருந்தும் இளகவில்லை. கடைசியில் நோட்டைத்தான் திறக்க வேண்டியிருந்தது. படுத்த மூன்று பேரில் இரண்டு பேர் மாதக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆளுக்கு 4,500 ரூபாய், மாதம் 9,000. சட்னிப் பையனுக்கு மூன்று நாள் சம்பளம் 1,950. சித்தப்பா இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, மூணு நாள். நாலாவது நாள் கிடையாது" என்றார்.

பத்துப் பேருக்குக் கீழே இருந்ததால் எங்களுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயம் இல்லை. அது இருந்தால் நோயுற்ற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சென்னையில் சந்துக்குச் சந்து இருக்கும் எங்களைப் போன்ற கடைகளில் பாதிக்கு மேல் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இடையில், கலிபோர்னியாவில் ஒரு காபிக் கடையில் வேலை பார்க்கும் என் அத்தை பேத்தியிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே ஒருவர் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்வது கிடையாதாம். வேலைக்குச் சேர்ந்து 30 நாளைக்குள் ஒவ்வொருவரும் ஆன்லைனில் உட்கார்ந்து 40 கேள்விக்காவது பதில் சொல்லி, 70 சதவீதம் வாங்கி, கையில் அட்டை வைத்திருக்க வேண்டும். மூன்று வருடம் செல்லும். "ஈஸிதான் மாமா, யூடியூப் பார்த்துக்கிட்டே முடிச்சேன்" என்றாள். அட்டையைவிட எனக்கு உறைத்தது வேறு. அந்த மாநிலத்தில் 2024இலிருந்து வருடத்துக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. 'வயிறு சரியில்லைன்னா மெசேஜ் போட்டுட்டுப் படுத்துடுவேன்' என்று ஏதோ சாதாரணமாகச் சொன்னாள்.

எங்கள் இடத்தில் மெசேஜ் உடனே வரவில்லை. லீவு அறிவித்த முதல் இரண்டு மாதம் யாருமே எடுக்கவில்லை. நம்பவில்லை. பிறகு ஒரு நாள் தோசை மாஸ்டர் கட்டைவிரலை ஆழமாக வெட்டிக்கொண்டார். முன்பென்றால் மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த தோசையை ஊற்றியிருப்பார். வீட்டுக்கு அனுப்பினேன். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்து எண்ணியவர், மறுபடி எண்ணினார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. சித்தப்பா பயந்த மாதிரி தினம் ஒருவருக்கு வலிக்கவில்லை. அடுத்த ஒரு வருடத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்தது பதினான்கு நாள். அதில் இரண்டு நாள் பொய் என்று எனக்குத் தெரியும், அது தீபாவளிக்கு முந்தைய வாரம். விட்டுவிட்டேன்.

சட்னியையும் மாற்றினோம். ஒரே தடவை காலை ஐந்து மணிக்கு அரைத்து வைப்பதை நிறுத்தி, ஏழுக்கும் ஒன்பதுக்கும் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறோம். மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது மாஸ்டர் முகத்தைப் பார்க்க முடியாது. தேங்காய் விற்கிற விலைக்கு அவர் சொல்வதும் நியாயம்தான்.

2023இல் என் சான்றிதழ் காலாவதியானது. இந்த முறை நான் உட்காரவில்லை, மாஸ்டரை உட்கார வைத்தேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவர் இரண்டு நாள் மறுத்துப் பார்த்தார். தமிழில் மட்டுமே நடக்கும் வகுப்பாகத் தேடிப் பிடித்தேன். அதே அரிசி மூட்டை, அதே கிரைண்டர். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி இட்டுக்கொண்டு கேமரா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு மணி நேரத்தில் ஒரு முறைகூட எழுந்து போகவில்லை. மத்தியானம் பயிற்சியாளர், "யாருக்காவது சந்தேகம்?" என்றதும் மியூட்டை எடுக்கத் தெரியாமல் கையை ஆட்டினார். நான் போய் எடுத்துவிட்டேன்.

"சார், நூறு லிட்டர் சாம்பார். ராத்திரி மிஞ்சுது முப்பது. சின்னப் பாத்திரமா பிரிச்சு வைக்கணும்னு சொன்னீங்க. சரி. அவ்ளோ பாத்திரத்தை யாரு கழுவுறது?"

பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முப்பது மிஞ்சாமல் சமைப்பதுதான் வழி என்றார். மாஸ்டர் தலையாட்டினார். "அது நம்ம கையில இல்ல சார், மழை கையில இருக்கு" என்றார். மழை பெய்தால் மேன்ஷன் பையன்கள் கீழே இறங்க மாட்டார்கள். மெஸ் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

தேறிவிட்டார். அவர் சான்றிதழ்தான் இப்போது பெருமாள் பக்கத்தில் தொங்குகிறது. என்னுடையது பின்னறையில்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள், வெளியே நல்ல மழை. விடியற்காலை நாலரைக்குப் போன் அடித்தது.

"தம்பி, நாந்தான். ராத்திரியிலேருந்து நாலு வாட்டி போயிடுச்சு. இன்னிக்கு நான் அடுப்புக்கிட்ட வரக் கூடாது."

"படுங்க மாஸ்டர். நான் பாத்துக்கறேன்."

"சம்பளம் உண்டுல்ல?"

"உண்டு மாஸ்டர்."

"அப்போ நாளைக்கும் வர மாட்டேன். நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் தள்ளணும்னு அந்த சார் சொன்னாரு" என்று வைத்துவிட்டார்.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு சாம்பார் நான்தான் வைத்தேன். தெர்மாமீட்டரில் 92 காட்டியது. உப்பு இல்லை என்று நான்கு பேர் சொன்னார்கள்.